கிளஸ்டர் நோடுகளின் நெட்வொர்க் கார்டு முகவரி சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய ரேக் வந்து இறங்கியதும் முதல் வேலை, அதிலுள்ள ஒவ்வொரு நோடின் (கிளஸ்டரில் சேரும் கணினியின்) நெட்வொர்க் கார்டு முகவரியையும் கண்டுபிடித்து, கிளஸ்டரை நிர்வகிக்கும் தலைமை நோடில் பதிவதுதான். நினைத்தால் அரை மணி நேர வேலை. அது இரண்டு நாளை விழுங்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். லினக்ஸ் கிளஸ்டர்களை நிறுவுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு நான் சொல்லிவரும் பதில்கள் இவை. முகவரி கிடைக்காமல் போவது சின்னத் தொல்லை. தவறான முகவரி கிடைத்து அதை நாம் நம்பிவிடுவதுதான் பெரிய தொல்லை. கீழே உள்ளவற்றில் பாதிக்கு மேல் அந்த ஆள்மாறாட்டத்தைப் பற்றியவை.

முகவரியை முன்கூட்டியே தெரிந்துகொள்வது எதற்கு? நோடே வந்து ஐபி வாங்கிக்கொள்ளாதா?

வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்குவது யார் என்று தலைமை நோடுக்குத் தெரியாது. வட்டில் எதுவும் இல்லாத புதிய நோடுக்குப் பெயரும் கிடையாது, ஐபியும் கிடையாது. தன் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கார்டு முகவரியை, மட்டும் சொல்லி, எனக்கு ஓர் ஐபி வேண்டும் என்று டிஹெச்சிபி (ஐபி வழங்கும் நெறிமுறை) வழியாகக் கூவும். இந்த மேக் முகவரிக்கு இன்ன பெயர், இன்ன ஐபி, இன்ன இயங்குதளப் படிமம் என்ற அட்டவணை தலைமை நோடில் இருந்தால்தான் சரியான பதில் போகும். அந்த அட்டவணையை நிரப்புவதைத்தான் முகவரி கண்டறிதல் என்கிறோம்.

ஈதர்நெட் கார்டின் மேக் முகவரி 48 பிட் நீளமுடையது. இரண்டிரண்டாக எழுதினால் ஆறு கூறுகள். முதல் மூன்று கூறுகள் தயாரிப்பாளருக்கு ஐஇஇஇ அமைப்பு ஒதுக்கியவை, மீதி மூன்று தயாரிப்பாளர் இடும் வரிசை எண். முதல் மூன்றைப் பார்க்கும் பழக்கம் பின்னால் பலமுறை கைகொடுக்கும்.

முகவரிகளைச் சேகரிக்க எந்த வழி நல்லது?

நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. விற்றவர் தரும் பட்டியலைப் பதிவது ஒன்று. நோடின் மேலாண்மைச் சில்லான பிஎம்சியிடம் கேட்பது இரண்டாவது. நோடுகளை ஒவ்வொன்றாக இயக்கி, வந்த வரிசைப்படி பெயர் சூட்டுவது மூன்றாவது. எந்த ஸ்விட்ச் போர்ட்டில் எந்த முகவரி தெரிகிறது என்று ஸ்விட்சிடமே கேட்பது நான்காவது.

ஒரு ரேக்குக்கு மேல் போனால் நான்காவதைத் தவிர வேறெதையும் நான் முதன்மையாக நம்புவதில்லை. காரணம் எளியது. மற்ற மூன்றும் முகவரி இன்னது என்று சொல்கின்றன, ஸ்விட்ச் ஒன்றுதான் அது எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. நமக்கு வேண்டியது இடம். ரேக்கில் 12ஆவது தட்டில் இருக்கும் பெட்டி பழுதானால் அதையே இழுத்து வெளியே எடுக்க வேண்டுமே!

வரிசைப்படி பெயர் சூட்டும் முறை பத்து நோடுகளுக்குச் சரி. ஆனால் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்கிவிட்டால் கதை கந்தல். நினைவகச் சோதனைக்கு ஒவ்வொரு பெட்டியும் எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. ஏழாவது முந்திக்கொண்டு வந்து மூன்றாவதின் பெயரை வாங்கிக்கொள்ளும்.

நோடை இயக்கிவிட்டேன். தலைமை நோடில் ஒன்றுமே தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

பதிவேட்டைப் புரட்டுவதற்கு முன் தலைமை நோடில், நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்களைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிடுங்கள். நோடுகளை நோக்கியிருக்கும் கார்டில், யுடிபி 67, 68 ஆகிய போர்ட்களை மட்டும் வடிகட்டி, மேக் முகவரிகளையும் காட்டச் சொல்லுங்கள். டிஹெச்சிபி உரையாடல் நான்கே அடிதான்: நோடு தேடும், சர்வர் ஓர் ஐபியை முன்வைக்கும், நோடு அதைக் கேட்கும், சர்வர் உறுதிசெய்யும். எந்த அடியில் உரையாடல் நின்றது என்பதே நோயறிதல்.

முதல் அடியே தெரியவில்லையா? சிக்கல் தலைமை நோடில் இல்லை, வழியில் இருக்கிறது. போர்ட்டின் விளக்கு எரிகிறதா என்று போய்ப் பாருங்கள். எரியவில்லை என்றால் கேபிள், டிரான்சீவர், ஸ்விட்சில் முடக்கிவைத்த போர்ட் ஆகிய மூன்றில் ஒன்று. எரிகிறது என்றால் ஸ்விட்ச் போர்ட்டின் விலான் (ஸ்விட்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) அமைப்பைப் பாருங்கள். இயங்கத் தொடங்கும் கட்டத்தில் கார்டு பொதுவாக விலான் முத்திரை இல்லாத சட்டகங்களையே அனுப்பும். போர்ட் டிரங்க் (பல விலான்களைச் சுமப்பது) ஆக இருந்து, முத்திரையில்லாதவை வேறொரு விலானுக்குப் போகும்படி வைத்திருந்தால் உங்கள் நோடு ஆளில்லாத அறையில் கூவிக்கொண்டிருக்கும். அதுவும் சரி என்றால் பயாஸ் அமைப்பில், கேபிள் செருகிய அதே போர்ட்டில் பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழியே இயங்கத் தொடங்கும் வசதி) இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நான்கு போர்ட் கார்டில் முதலாவதில் மட்டும் இயக்கிவைத்து, கேபிளை நான்காவதில் செருகுவது வாடிக்கையான கூத்து.

தேடல் வருகிறது, பதில் போகவில்லையா? இப்போது குற்றவாளி தலைமை நோடு. அந்தக் கார்டுக்குரிய சப்நெட்டை (ஐபி வரம்பை) டிஹெச்சிபி சர்வரில் அறிவித்திருக்கிறீர்களா, சர்வர் அந்தக் கார்டில்தான் காது கொடுக்கிறதா, அறிமுகமில்லாத முகவரிகளுக்குப் பதில் சொல்லாதே என்ற கட்டளை எங்காவது உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் சொன்னதுதான் அடிக்கடி அகப்படும். புதிய நோடு எப்போதும் அறிமுகமில்லாததுதானே.

பதில் போகிறது, நோடு அதை ஏற்கவில்லையா? இன்னொரு டிஹெச்சிபி சர்வர் அதே விலானில் முந்திக்கொண்டு பதில் சொல்கிறதா என்று தேடுங்கள். யாரோ சோதனைக்கு வைத்து மறந்துபோன மெய்நிகர் இயந்திரம் ஒன்று கிடைக்கும்.

தீச்சுவரை அணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஐஎஸ்சி என்ற அமைப்பு வெளியிட்ட டிஹெச்சிபி சர்வருக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. லினக்ஸில் அது கச்சா சாக்கெட் வழியாகப் பாக்கெட்டைத் தீச்சுவருக்கு முன்பே வாங்கிவிடுகிறது. அதனால்தான் ஐபி கிடைத்து, அடுத்த கட்டமான டிஎஃப்டிபி (எளிய கோப்பு மாற்றும் நெறிமுறை) இறக்கம் யுடிபி 69இல் தீச்சுவரில் முட்டி நிற்கும் விசித்திரத்தைப் பார்க்கிறோம். ஐபி வந்துவிட்டது, ஆகவே தீச்சுவர் திறந்திருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள்.

கையால் மறுபடி முயன்றால் வேலைசெய்கிறது, தானாக இயங்கும்போது மட்டும் தோற்கிறது. ஏன்?

ஸ்பேனிங் ட்ரீ, அதாவது ஸ்விட்ச்களுக்கிடையே வளையம் உண்டாகாமல் தடுக்கும் நெறிமுறை. பழைய முறையில் இயங்கும் போர்ட், இணைப்பு வந்ததும் கவனிக்க 15 நொடி, கற்றுக்கொள்ள 15 நொடி என மொத்தம் 30 நொடி எதையும் கடத்தாமல் இருக்கும். அதற்குள் நோடு சில முறை கூவிப் பார்த்துவிட்டு அடுத்த சாதனத்துக்குப் போய்விடும். நோடுகள் செருகிய போர்ட்களை, காத்திருக்காமல் உடனே கடத்தும் விளிம்புப் போர்ட்களாக அறிவியுங்கள். இன்னொரு ஸ்விட்ச் செருகிய போர்ட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், வளையம் உண்டானால் நெட்வொர்க்கே படுத்துவிடும்.

இதற்கு ஒரு தம்பி உண்டு. இரண்டு போர்ட்களை எல்ஏசிபி (போர்ட்களை இணைக்கும் நெறிமுறை) மூலம் ஒரே கட்டாகக் கட்டியிருந்தால், இயங்குதளம் வரும்வரை நோடின் பக்கம் எல்ஏசிபி பேச ஆளில்லை. ஸ்விட்ச் காத்திருந்து போர்ட்டை ஒதுக்கிவைத்துவிடும். எல்ஏசிபி பேசாத போர்ட்டைத் தனிப் போர்ட்டாக இயங்கவிடும் வசதி பல ஸ்விட்ச்களில் இருக்கிறது. அதை இயக்க வேண்டும்.

ஐபி கிடைத்தது, ஏற்றும் நிரலும் இறங்கியது. ஆனால் இந்த நோடுக்கென்று எழுதிய கோப்பை எடுக்காமல் பொதுக் கோப்பையே எடுக்கிறது. முகவரியை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.

கோப்பின் பெயரைச் சரிபார்த்தீர்களா? பிஎக்ஸ்இலினக்ஸ் என்ற ஏற்றும் நிரல், மேக் முகவரியை அப்படியே பெயராகத் தேடுவதில்லை. முன்னால் வன்பொருள் வகையைக் குறிக்கும் எண்ணைச் சேர்த்துக்கொள்ளும். ஈதர்நெட்டுக்கு அது 01. கூறுகளுக்கு இடையில் முக்காற்புள்ளி அல்ல, சிறு கோடு. அதாவது கார்டின் முகவரி 00:50:56:12:34:08 என்றால் தேடப்படும் கோப்பு 01-00-50-56-12-34-08. ஆறு கூறு முகவரிக்கு ஏழு கூறு பெயர். முகவரியில் எழுத்துகள் வந்தால் அவை சிறிய எழுத்துகளாகவே இருக்க வேண்டும். பெரிய எழுத்தில் எழுதிய பட்டியலை அப்படியே ஒட்டினால் கோப்பு கண்முன்னே இருக்கும், நோடுக்குத் தெரியாது.

பிஎம்சியிடம் ஐபிஎம்ஐ (சர்வர் மேலாண்மை நெறிமுறை) வழியாகக் கேட்டு எடுத்த முகவரியைப் பதிந்தேன். ஒரு நோடுகூட எழவில்லை.

நீங்கள் எடுத்தது பிஎம்சியின் சொந்த முகவரி. ஐபிஎம்ஐடூலில் லான் பிரிண்ட் கட்டளை காட்டும் மேக் முகவரி மேலாண்மைச் சில்லுடையது, நோடின் கார்டுடையது அல்ல. இரண்டும் ஒரே தயாரிப்பாளரின் முன்னொட்டோடு, கடைசி இலக்கம் மட்டும் மாறி நிற்பதும் உண்டு. அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

பிஎம்சியோடு பேச உதவும் இன்னொரு வழியான ரெட்ஃபிஷ் இடைமுகத்திலும் இதே பொறி இருக்கிறது. மேனேஜர்ஸ் என்ற கிளையின் கீழ் வரும் ஈதர்நெட் பட்டியல் பிஎம்சியுடையது. சிஸ்டம்ஸ் கிளையின் கீழ் வருவதுதான் நோடுடையது. அந்தப் பட்டியலும் நோடு ஒருமுறையாவது இயங்கி முடிக்கும்வரை சில பெட்டிகளில் காலியாக இருக்கும். ஒருமுறை இயக்கிவிட்டுப் பிறகு கேளுங்கள்.

கடைசி இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் நோடின் முகவரி வரும் என்று கணக்குப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது அந்த மாதிரிக்கு, அந்தத் தயாரிப்புத் தொகுதிக்குப் பொருந்தலாம். அடுத்த தொகுதியில் கவிழ்க்கும்.

ஒரே ஸ்விட்ச் போர்ட்டில் இரண்டு முகவரிகள் தெரிகின்றன. எது என்னுடையது?

பல சர்வர்களில் பிஎம்சிக்குத் தனிக் கேபிள் இல்லாமல், நோடின் முதல் போர்ட்டையே பங்குபோட்டுக்கொள்ளும் வசதி உண்டு. அப்போது ஒரே கேபிளில் இரண்டு பேர் பேசுவார்கள். நோடை அணைத்துவிட்டு ஸ்விட்சின் பட்டியலைத் துடைத்து மறுபடி பாருங்கள். மின்சாரம் செருகியிருக்கும்வரை பிஎம்சி விழித்தே இருக்கும். அணைத்த பிறகும் தெரிகிற முகவரி அதனுடையது, காணாமல் போனது நோடுடையது.

ஒரு போர்ட்டுக்கு ஒரே முகவரி என்று பாதுகாப்புக் கட்டுப்பாடு போட்டிருந்தால், முதலில் எழும் பிஎம்சி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நோடு வெளியே நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு மாலையை நான் செலவழித்திருக்கிறேன். பிஎம்சிக்குப் பிங் போகிறது, போர்ட் விளக்கு பச்சை, ஆனால் நோடிலிருந்து ஒரு பாக்கெட்கூட வரவில்லை. கேபிளை இரண்டு முறை மாற்றிய பிறகுதான் ஸ்விட்சின் பதிவேட்டைத் திறக்கத் தோன்றியது.

ஸ்விட்சின் பட்டியலில் என் நோடு இல்லவே இல்லை. சற்று முன்னர் இருந்தது.

மறந்திருக்கும். பல ஸ்விட்ச்களில் 300 நொடி சத்தமில்லாமல் இருந்தால் முகவரி பட்டியலிலிருந்து போய்விடும். நோடைப் பேசவைத்துவிட்டு உடனே கேளுங்கள்.

அதேபோல, மேல் ஸ்விட்சோடு இணைக்கும் போர்ட்டில் நூற்றுக்கணக்கான முகவரிகள் தெரியும். தானியங்கிக் கண்டறிதல் மென்பொருளிடம் அந்தப் போர்ட்டை விலக்கச் சொல்லாவிட்டால் நோடு அங்கே செருகப்பட்டிருப்பதாக முடிவுகட்டிவிடும். எஸ்என்எம்பி (நெட்வொர்க் சாதனங்களைக் கண்காணிக்கும் நெறிமுறை) வழியாகக் கேட்கும்போது விலான் இருக்கும் ஸ்விட்ச்களில் விலான் வாரியான பட்டியலைக் கேட்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். பழைய பொதுப் பட்டியல் காலியாக வருவதால் ஸ்விட்ச் பழுது என்று நினைப்பவர்கள் உண்டு.

நோடுக்குள் பார்த்தால் ஈத்0 என்ற பெயரில் வேறு கார்டு நிற்கிறது.

ஈத்0, ஈத்1 என்ற பெயர்கள் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கார்டுகளைக் கண்ட வரிசையைச் சொல்பவை. அந்த வரிசைக்கு எந்த உறுதியும் இல்லை. 2013இல், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 197ஆவது பதிப்போடு வந்த புதிய முறையில், கார்டு செருகியிருக்கும் இடத்தை வைத்துப் பெயர் அமைகிறது. பழைய பெயர்களையே பிடித்துத் தொங்காதீர்கள். எல்லா நோடுகளிலும் கார்டுகள் ஒரே இடத்தில் செருகியிருந்தால் பெயர்களும் ஒன்றாகவே வரும்.

கூடவே ஒரு எச்சரிக்கை. சில சர்வர்களில் பிஎம்சியோடு பேச உள்ளேயே ஒரு யுஎஸ்பி நெட்வொர்க் கார்டு இருக்கும். அதுவும் பட்டியலில் வரும், சில மாதிரிகளில் எல்லா நோடுகளிலும் ஒரே முகவரியோடு வரும். தானியங்கியாகச் சேகரித்த பட்டியலில் ஒரே முகவரி முப்பது முறை வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல் விழட்டும்.

பாண்டிங் செய்த (கார்டுகளை ஒரே கட்டாகக் கட்டிய) பிறகு இரண்டு கார்டுகளும் ஒரே முகவரியைக் காட்டுகின்றன.

அப்படித்தான் காட்டும். பெரும்பாலான பாண்டிங் முறைகளில் உறுப்பினர் கார்டுகள் கட்டின் முகவரியை அணிந்துகொள்ளும். அசல் முகவரி வேண்டுமென்றால், கார்டின் விவரங்களைக் காட்டும் எத்டூல் கட்டளைக்குப் பெரிய எழுத்து பி என்ற தெரிவைக் கொடுங்கள், கார்டில் பொறித்த நிரந்தர முகவரி வரும். ஓடிக்கொண்டிருக்கும் நோடிலிருந்து பட்டியல் தயாரிக்கிறவர்கள் இதைத் தவறவிட்டால், மறுநிறுவலின்போது பாதி நோடுகள் ஊமையாகிவிடும்.

இன்ஃபினிபேண்ட் (ஈதர்நெட்டிலிருந்து வேறான அதிவேக நெட்வொர்க்) கார்டின் முகவரி ஏன் இத்தனை நீளம்?

ஏனென்றால் அது மேக் முகவரியே அல்ல. இன்ஃபினிபேண்ட்மேல் ஐபி ஓடும்போது வன்பொருள் முகவரி 20 பைட். அதில் கார்டை அடையாளம் காட்டும் நிலையான பகுதி கடைசி 8 பைட்தான், ஜியூஐடி என்பது அது. தொடக்கத்தில் வரும் க்யூ ஜோடி எண் (கார்டு தகவல் பரிமாறப் பயன்படுத்தும் க்யூக்களின் எண்) ஒவ்வொரு முறை இயங்கும்போதும் மாறலாம். ஆகவே 20 பைட்டையும் அடையாளமாகப் பதிந்துவைத்தால் அடுத்த இயக்கத்தில் பொருந்தாமல் போகலாம்.

டிஹெச்சிபி பாக்கெட்டில் வன்பொருள் முகவரிக்கு ஒதுக்கிய இடம் 16 பைட் மட்டுமே. 20 பைட் அதில் அடங்காது. அதனால் இன்ஃபினிபேண்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டு, வாடிக்கையாளர் அடையாளம் என்ற தனிப் புலத்தில் அடையாளத்தைச் சொல்கிறார்கள். டிஹெச்சிபி சர்வரிலும் மேக் முகவரியை வைத்து அல்லாமல் அந்தப் புலத்தை வைத்தே நோடைப் பதிய வேண்டும். முடிந்தால் நோடை ஈதர்நெட் வழியாக எழுப்பிவிட்டு, இன்ஃபினிபேண்டுக்கு நிலையான ஐபி கொடுத்துவிடுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

ஒரே படிமத்திலிருந்து நகலெடுத்த நோடுகள். மேக் முகவரிகள் வேறு வேறு, ஆனாலும் ஒரே ஐபியை வாங்குகின்றன!

சிஸ்டம்டியின் நெட்வொர்க் சேவை, டிஹெச்சிபியில் தன்னை அறிமுகப்படுத்த மேக் முகவரியை மட்டும் நம்புவதில்லை. இயந்திர அடையாளம் என்ற கோப்பிலிருந்து ஓர் அடையாளத்தை உருவாக்கி அனுப்புகிறது. படிமத்தில் அந்தக் கோப்பை அப்படியே விட்டு நகலெடுத்தால் எல்லா நோடுகளும் ஒரே ஆளாகவே தோன்றும். படிமம் எடுக்கும் முன் அந்தக் கோப்பைக் காலியாக்குங்கள், அழிக்க வேண்டாம். அல்லது அறிமுகத்துக்கு மேக் முகவரியையே பயன்படுத்தும்படி நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேருங்கள்.

மதர்போர்டு மாற்றிய பிறகு நோடு எழவில்லை.

போர்டோடு முகவரியும் மாறிவிட்டது. அட்டவணையில் பழையதை நீக்கிப் புதியதைப் பதியுங்கள், பிஎம்சியின் முகவரியையும் சேர்த்து. பழைய போர்டு பழுதுபார்க்கப்பட்டு வேறொரு நோடில் திரும்பி வந்து உட்காரும் நாளில், நீக்காத பழைய பதிவு உங்களைத் தேடி வரும்.

எல்லா நோடுகளும் பதிவாகிவிட்டன, ஆனால் பிங் விட்டுவிட்டுப் போகிறது.

எத்தனை நோடுகள்? ஒவ்வொரு நோடுக்கும் கணிப்பு நெட்வொர்க், பிஎம்சி, சேமிப்பு நெட்வொர்க் என மூன்று முகவரி வைத்தால் 400 நோடுகளுக்கே 1200 ஆகிறது. லினக்ஸில் அண்டை அட்டவணையின் (எந்த ஐபிக்கு எந்த மேக் முகவரி என்ற பட்டியலின்) உச்ச வரம்பு இயல்பாக 1024. அதைத் தாண்டினால் அட்டவணை நிரம்பி வழிகிறது என்று கர்னல் பதிவேட்டில் எழுதிவிட்டுப் புதியவர்களைச் சேர்க்க மறுக்கும். ஜிசி த்ரெஷ் என்ற பெயரில் 1, 2, 3 என மூன்று வரம்புகள் உண்டு, இயல்பு மதிப்புகள் 128, 512, 1024. மூன்றையும் சேர்த்து உயர்த்துங்கள்.

எல்எல்டிபி (அண்டைச் சாதனங்கள் தம்மை அறிவிக்கும் நெறிமுறை) இயக்கியும் ஸ்விட்ச் பெயர் தெரியவில்லை.

அறிவிப்பு பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறைதான் வரும், கொஞ்சம் பொறுங்கள். பிறகும் வரவில்லை என்றால் கார்டின் ஃபர்ம்வேர் அதை விழுங்குகிறதா என்று பாருங்கள். சில கார்டுகளில் உள்ளேயே ஓர் எல்எல்டிபி முகவர் இருந்து, பாக்கெட்டை இயங்குதளத்துக்கு விடாமல் தானே எடுத்துக்கொள்ளும். எத்டூல் வழியாக அதை அணைக்கலாம்.

பட்டியலில் 52:54:00 என்று தொடங்கும் முகவரி ஒன்று வந்திருக்கிறது. எந்த நோடு அது?

நோடு அல்ல. கேவிஎம் மெய்நிகர் இயந்திரங்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் முன்னொட்டு அது. 08:00:27 என்று தொடங்கினால் விர்ச்சுவல்பாக்ஸ். முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால் அது மென்பொருள் சூட்டிய முகவரி, தொழிற்சாலையில் பொறித்தது அல்ல.

எல்லாம் முடிந்தது. பட்டியல் சரி என்று எப்படி உறுதிசெய்வது?

நடந்து போய்த்தான். ஒரு முறை 36 நோடுகள் கொண்ட ரேக்கில் எல்லாச் சோதனைகளும் தேறின. இரண்டு வாரம் கழித்து 17ஆவது நோடில் நினைவகப் பிழை வந்தது. அதை அணைத்துவிட்டுப் போய் இழுத்தால், நான் இழுத்த பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, அதில் யாரோ ஒருவரின் மூன்று நாள் கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. 17, 18 ஆகிய இரண்டின் கேபிள்களும் ஸ்விட்சில் இடம் மாறியிருந்தன. ஸ்விட்ச் போர்ட்டை வைத்துக் கண்டறியும் முறையை அத்தனை நம்பினேன், கேபிள் போட்ட கையைச் சரிபார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ரேக்கிலும் அடையாள விளக்கை எரியவிட்டுப் பார்க்கிறேன். நோடின் பெயரைச் சொல்லி உள்நுழைந்து, அங்கிருந்தே ஐபிஎம்ஐடூலின் சேசிஸ் ஐடென்டிஃபை கட்டளையைக் கொடுத்தால் பெட்டியின் முன்விளக்கு இயல்பாக 15 நொடி எரியும், நேரத்தை நீட்டிக்கொள்ளலாம். வெளியிலிருந்து பிஎம்சியின் ஐபிக்குக் கட்டளை அனுப்பினால் பிஎம்சியின் இடம்தான் தெரியும், கார்டின் இடம் தெரியாது. எத்டூலுக்குச் சிறிய எழுத்து பி என்ற தெரிவைக் கொடுத்தால் கார்டின் போர்ட் விளக்கே சிமிட்டும், எந்தக் கேபிள் என்பதும் தெரிந்துவிடும். ஒருவர் விசைப்பலகையில், ஒருவர் ரேக்கின் முன்னால், பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே போனால் 36 நோடுகளுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.